வாங்கில் இருந்தவரை விட்டு ஓடினேன்

என் கணவருக்கு எச்.ஐ.வி. உறுதியான அன்று நான் மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்! இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொண்டே கேளுங்கள்.

அவர் போதைத்தூள் பாவித்தவர். கூட்டாளிகளோடு ஒரே ஊசியைப் பகிர்ந்தவர். புனர்வாழ்வு நிலையத்திலிருந்து அவர் மீண்டு வந்ததும் இருவரையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். முடிவு தெரியும் காலையில் ஆஸ்பத்திரியின் நீள மர வாங்கில் அருகருகே உட்கார்ந்திருந்தோம். முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து வாங்கில் இருந்தார். முகமே சொல்லிவிட்டது.

அடுத்தது நான். ஆலோசகரை நாங்கள் மிஸ் என்போம். அவர் என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, உமக்கு இல்லை. கொஞ்சக் காலத்தாலை திரும்ப ஒருக்காப் பாப்பம். ஆனா இப்ப இல்லை."

இல்லை! அந்த ஒரு சொல்... நான் சாகமாட்டேன்! என் மகளை நானே வளர்ப்பேன்! கணவர் இருந்த வாங்கைக் கடந்துதான் வெளியேறியிருக்க வேண்டும்; பார்த்த நினைவேயில்லை. வாசலில் நின்ற பேருந்தில் ஏறினேன். யன்னலோரம் இருந்து தனியே சிரித்தேன்.

"என்ன அக்கா, லொத்தரிலை காசு விழுந்ததோ?" என்றார் நடத்துநர்.

"ஓம் தம்பி!"

ஓம் என்றேனே... வாய் கூசவில்லையே!

மருதனார்மடத்தில் இறங்கி, கூல்பாரில் ஐஸ்கிறீம் வாங்கினேன். பாதி தின்றபோதுதான் அவர் நினைவு வந்தது. மறந்தேனா? மறக்க விரும்பினேனா? இன்றும் எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: நினைவு வந்த பிறகும் அந்த ஐஸ்கிறீமைத் தின்று முடித்தேன்!

பேருந்து பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடினேன். அதே வாங்கில் இருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"உமக்கு... இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்பாடா! எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்!" என்று குலுங்கி அழுதார். என் மகிழ்ச்சியைவிட அவருடையது பெரிது!

இப்போது தினமும் மருந்துக் குளிசை எடுக்கிறார், வேலைக்குப் போகிறார், தூளைத் தொடுவதில்லை. எனக்கு மறுபரிசோதனையிலும் இல்லை. மிஸ் நடத்தும் குடும்பங்களின் கூட்டத்துக்கு இருவரும் போகிறோம். அங்கே ஓர் இளம்பெண் புதிதாய் வந்தாள். அவளது கணவருக்கும் அப்போதுதான் முடிவு வந்திருந்தது.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

நான் வாய் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். "என்ரை மனுசி எனக்குத் தேத்தண்ணி வாங்கப் போனவ. பிறகு என்னை விட்டு அசையேல்லை."

எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஐயோ, அந்தப் பார்வை எனக்கு இனித்தது!

கூட்டம் கலைந்ததும் அவள் என் கையைப் பற்றினாள். "எனக்கு எல்லாத்தையும் விட்டிட்டு ஓடோணும் போலை கிடக்கு அக்கா. நான் கெட்டவளோ?"

நானும் ஓடினேன் பிள்ளை... இதைத்தானே சொல்லியிருக்க வேண்டும்! சொன்னேனா?

"மனதைத் தளரவிடாதை," என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும்.