தலை வைக்கும் திசை

கழுத்தில் வந்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வாங்க மறுநாள் தேனிக்குப் போகவேண்டும். அதற்குள் நான் மனதுக்குள் மூன்று தடவை செத்து, என் அடக்கத்துக்கு வராதவர்களின் பட்டியலையும் போட்டுவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அது. அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தேன். பக்கத்தில் காலி இடம். யாரும் இல்லையென்று நினைத்து, என் நீளத்துக்குப் போதுமா என்று அதில் படுத்துப் பார்த்தேன்.

“என்னண்ணே, இப்பவே துண்டு போட்டு இடம் பிடிக்கிறீகளா?”

அடுத்த வரிசையில் சிலுவைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஸ்டெல்லாதான் கேட்டாள். போன வருஷம் பத்து வயது மகளை அங்கே அடக்கம் செய்தவள். கூச்சத்தில் படுத்தபடியே கட்டியைப் பற்றிச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. “அதுக்காகத் தலைய மாத்தியா வைக்கிறது? மேக்க வைங்கண்ணே. எந்திரிக்கையில ஆண்டவர் வர்ற கிழக்கப் பாத்து எந்திரிக்கணும்ல. எம்புள்ளைய அப்படித்தான் படுக்க வச்சிருக்கேன்.”

மதியத் தூக்கத்துக்குப் பிள்ளையைக் கிடத்தியவள்போலச் சொல்லிவிட்டு, மறுபடியும் பிரஷ்ஷை எடுத்தாள். செத்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை நாற்பது வருஷமாக ஞாயிறுதோறும் கோயிலில் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன் நான். உயிர்த்தெழுதலை நிஜமாகவே எதிர்பார்க்கிற ஓர் ஆளை அன்றுதான் பார்த்தேன். எழுந்து, தலையை மேற்கே வைத்து மறுபடியும் படுத்தேன்.

மறுநாள், அது சாதாரணக் கட்டிதான் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போதும் கட்டியைத் தடவிக்கொண்டே வந்தேன். இது இல்லையென்றால் இன்னொன்று வரும். அப்பாவுக்குப் பக்கத்துக் காலி இடம் அங்கேயேதான் இருக்கிறது. பயம் போய்விட்டதாகச் சொன்னால் பொய். கை தானாகக் கழுத்துக்குப் போகும்போதெல்லாம், கிழக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.