கயிறு எட்டுமட்டும்

நல்லூர்த் திருவிழா தொடங்கினால் எங்கள் வீட்டில் மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்துவிடுவார்கள். வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால், தேருக்கு வருகிறோம் என்பவர்களை மறுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. இந்த முறை கனடாவிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தாள். லண்டனிலிருந்து அண்ணையும் குடும்பத்தோடு வரலாமோ என்று கேட்டார். பின்னேரம் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு மனைவியிடம் கேட்டேன்.

"வரட்டும். அதிலை என்ன கஷ்டம்?" என்றாள்.

அன்று சனிக்கிழமை காலை. முன் விறாந்தையில் அவள் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுத்தாள். நான் உள்ளே பயற்றங்காயை ஒரே நீளத்தில் முறித்துக்கொண்டிருந்தேன். மன அழுத்தத்தில் இருக்கும் ஒருவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது பாடம்.

"எல்லாத்துக்கும் ரென்ஷன் எண்டு ஒரு சொல்லோடை முடிக்கப்படாது. 'அற் த எண்ட் ஒஃப் ஹேர் ரெதர்' எண்டு சொல்லுவினம். ரெதர் எண்டால் மாடு கட்டுற கயிறு. கட்டின மாடு கயிறு எட்டுமட்டும் மேஞ்சு முடிச்சிட்டுது, இனி அங்காலை போகேலாது. அப்பிடி ஒரு பொம்பிளையை நினையுங்கோ. விடிய எழும்பி எட்டுப் பேருக்குச் சமைக்கிறா. சோதினைப் பேப்பர் திருத்துறா. படுத்தால் நித்திரை வரேல்லை. ஆரும் கேட்டால் சிரிக்கிறா."

"கயித்தை அவிட்டுவிட்டால் சரிதானே, ரீச்சர்?" என்றாள் ஒரு பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள்.

"மாடு தானாய் அவிட்டுக்கொள்ளுமோ?" என்று அவளும் சிரித்தாள்.

அப்போது எங்கள் வீட்டில் எட்டுப் பேர்.

பின்னேரம் வந்தவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனபிறகு அண்ணை தொலைபேசியில் எடுத்தார்.

"கட்டாயம் வாங்கோ, அண்ணை. தங்கிறதுக்குப் பக்கத்திலை, திருநெல்வேலியிலை ஒரு வீடு பாத்துத் தாறன்."

"எங்கடை வீடு இருக்க வெளியிலையோடா?"

"ஓம், அண்ணை. இவவுக்கு இனி ஏலாது."

"சரி, பார்," என்று வைத்துவிட்டார். மனத்தாங்கல்தான்.

மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். "அண்ணை என்ன நினைப்பார்? ஏலாது எண்டு நான் உங்களுக்கு எப்ப சொன்னனான்?"

"காலமை சொன்னீர். பிள்ளையளுக்கு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பியவள் நின்று, ஒரு கதிரையை இழுத்து இருந்தாள்.

"தேத்தண்ணி ஒண்டு வைச்சுத் தாறீங்களோ?"

அவள் கேட்டு நான் தேத்தண்ணி வைத்தது அன்றுதான் முதல். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. முழுவதையும் குடித்தாள்.