கண்ணை மூடிக் கேட்ட டீன்

குரோம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தபோது எஸ்.எம்.எஸ். வந்தது. வசந்தா மேடம் காலமானார், நாளை காலை எடுக்கிறார்கள் என்று துறைத் தோழி அனுப்பியிருந்தார். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ் டிரைவர், “யோவ், நட்டநடு ரோட்டுல இன்னாயா பண்ற?” என்று கத்தினார். வேறு நாளாக இருந்தால் இறங்கிச் சண்டைக்கே போயிருப்பேன். அன்று வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் தாம்பரம் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, தொடர்பியல் துறையை உருவாக்கி, டீன் ஆனவர். மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் தாம்பரத்தில் ஏறும் ஒரு செய்தி, மாம்பலத்தில் இறங்குவதற்குள் என்னவாகிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. “பேசறவங்க நிறைய இருக்காங்கப்பா. கேக்கத்தான் ஆளில்ல” என்பார்.

யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொள்வார். என் நேர்காணலிலும் மூடினார். அசந்துவிட்டார், எழுப்பக் கூடாதே என்று நான் பாதியில் நிறுத்திவிட்டேன். “ஏன் நிறுத்திட்டீங்க? இப்பத்தானே சுவாரசியமா போச்சு!” என்றார். வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

நான் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்தார். கல்லூரியில் வாயைத் திறந்தால் அச்சடித்த தமிழ்தான் வரும், அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். மேடம் வளாக வானொலியை என்னிடம் ஒப்படைத்தார். ஒரு மழைநாள் நேரலையில் பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் வந்தார். “எங்கள் பகுதியில் மழைநீர் தேங்கியுள்ளது” என்று செய்தி வாசிப்பதுபோல ஆரம்பித்தார். குரல் மட்டும் நடுங்கியது. என்னையறியாமல், “அக்கா, வூட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீதா?” என்று கேட்டுவிட்டேன். “ஆமாப்பா! கட்டில் காலு முழுகிப் பூட்ச்சு. மாமியாரால எழுந்திருக்க முடியாது. நான் ஒண்டியா கீறேன்” என்று அழுதார். வானொலி கேட்டுக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார் ஓடிப்போய் அந்த மாமியாரைத் தூக்கி வந்தார்கள்.

மறுவாரம் நிர்வாகக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கல்லூரிச் செயலாளர் பதிவை ஓடவிட்டு, “இதான் ஒரு காலேஜ் பேசற பாஷையா? இந்த வருஷத்தோட இவரை நிறுத்திடலாம்” என்றார். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அம்மாவை மீன்கூடையை இறக்கி வைக்கச் சொல்லியிருந்தேன்.

மேடம் கண்ணைத் திறக்காமலே, “இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டார்கள்.

“அந்தம்மா எப்ப பயத்தைச் சொன்னாங்கன்னு கவனிச்சீங்களா சார்? இவர் வீட்டுப் பேச்சுல கேட்டப்புறம்தான். நான் இத்தனை வருஷமா நடத்தற பாடமே இதுதான். இவரை அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க.”

“டீன் பதவி நிரந்தரமில்ல மேடம்.”

“தெரியும் சார்.”

என் வேலை தப்பியது. ஆண்டு முடிவில் அவருடைய டீன் பதவி நீட்டிக்கப்படவில்லை. நான் போய் அழுதபோது, “அட, விடுங்கப்பா. ஃபைல் தொல்லை விட்டுச்சு. ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் குடுத்திருக்காங்க, ஜாலியா இருக்கு” என்றார். ஜாலியாம்! அதை நம்புகிற அளவுக்கு நான் முட்டாளில்லை. அந்தத் துறையை ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர் அவர்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நல்ல தமிழில் ஓர் உரை தயாரித்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் அது வாயில் வரவில்லை. “மேடம், நீங்க இல்லாங்காட்டி நான் இன்னிக்கு இங்க நின்னுகினு இருக்க மாட்டேன்” என்று ஆரம்பித்தேன். கடைசிவரை அப்படியேதான் பேசினேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது: என் வீட்டுப் பேச்சைப் பற்றி இனி எனக்குக் கூச்சமில்லை.

அம்மாவும் வந்திருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குத்தான்டா நீ மேடையில பேசுனது எனக்குப் புரிஞ்சுது” என்றார்.