இரண்டடி கூடிய வீடு

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், கடல்கோளில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் சிறிய அலுவலகமொன்றில் வீட்டு வரைபடம் வரைவது என் வேலை. எனக்கு மேலே ஒரே ஒருவர், கிண்ணியாவிலிருந்து வரும் பொறியியலாளர்; எனக்கு அவர் 'சேர்'. ஒருநாள் கொழும்பு லொறியில் வந்த பெரிய பெட்டியொன்றை என் மேசையில் வைத்து, "தங்கச்சி, இனிக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வரையத் தேவையில்ல" என்றார்.

உள்ளே இருபத்திரண்டு அங்குல மொனிற்றர். வழியில் எத்தனை இராணுவச் சென்றியில் மறித்துத் திறந்து பார்த்தார்களோ, பெட்டி முழுக்கக் காயத்துக்குக் கட்டுப்போட்டதுபோல் ஒட்டும் ரேப் சுற்றியிருந்தது.

என் மடிக்கணினியோடு பொருத்தினோம். படம் வந்தது, ஆனால் மங்கலாக, அகலவாக்கில் இழுபட்டு. எழுத்துகளெல்லாம் தின்று கொழுத்திருந்தன. வட்டமாக நான் வரைந்த கிணறு தாரா முட்டையாகிவிட்டது. திரை ஆயிரத்து அறுநூற்று எண்பது புள்ளி அகலம் என்றது கையேடு. கணினியோ ஆயிரத்து இருபத்துநாலுக்கு மேல் ஏற மறுத்தது.

சேர் கேபிளைக் கழற்றி ஊதினார். பூட்டினார். மறுபடி கழற்றி ஊதினார்.

"மொனிற்றர் பழுதோ? திருப்பி அனுப்புவமா?"

"அனுப்பலாம் சேர். எல்லாச் சென்றியிலயும் திரும்பப் பெட்டியைத் திறப்பாங்கள்."

"அப்ப வேணாம். இப்பிடியே பழகுவம்."

அந்தக் கிழமைதான் சாம்பல்தீவு அக்கா வந்தார். கருவாடு போட்டு விற்பவர். நான்கு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்தார். தன் புது வீட்டின் வரைபடத்தைப் பார்த்துச் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும். பிரின்ரருக்கு மை வந்து சேராததால் திரையிலேயே காட்டினேன்.

"இதென்ன பிள்ளை, கலியாண மண்டபம் மாதிரிக் கிடக்கு!"

"அறை பத்தடிக்குப் பத்தடிதான் அக்கா."

அவர் காதில் அது விழவில்லை. திரையில் உள்ளங்கையை வைத்து அளந்தார். "இதில கட்டில். இதில தையல் மெஷின். அப்பவும் இடம் மிச்சம்!" திரை பொய் சொல்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு வாய் வரவில்லை. மை வந்ததும் கையெழுத்து வைக்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானத்துக்குச் சற்று முன், துறைமுகப் பக்கமிருந்து பீரங்கி முழங்கத் தொடங்கியது. ஜன்னல்கள் கிடுகிடுத்தன. சேருக்குப் பழகிய ஒழுங்கு ஒன்று உண்டு: முதலில் கணினி, பிறகுதான் உயிர். என் மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு மேசைக்குக் கீழே புகுந்தார். அவருக்கு முன்பே நான் அங்கே இருந்தேன். ஒருவர் முழங்காலில் ஒருவர் முட்டியபடி, அவர் ஓதினார், நான் தேவாரம் சொன்னேன். யாருடையது பலித்ததோ, கால்மணி நேரத்தில் சத்தம் ஓய்ந்தது.

வெளியே வந்து நிமிர்ந்தவள் கத்தினேன்: "சேர், கிணறு!"

கிணறு வட்டமாக இருந்தது. எழுத்துகள் ஊசிபோல் கூராக இருந்தன.

"என்ட அல்லா! ஒரு கிழமையா ஊதியும் வராதது ஒரு வெடியில வந்திருக்கு!"

காரணம் பிறகுதான் பிடிபட்டது. இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்ட விட்டிருந்தோம். மடிக்கணினியின் சின்னத் திரையால் எவ்வளவு ஏலுமோ அவ்வளவைத்தான் பெரியதும் காட்டியது. மூடியதும் சின்னது விலக, பெரியதற்குத் தன் முழு அளவு கிடைத்துவிட்டது. மூடினாலும் தூங்காதபடி கணினியை நான் முன்பே மாற்றி வைத்திருந்ததால் படம் அணையவில்லை. பெரிய திரையை மட்டும் பாவிக்கும்படி அமைப்பை மாற்றினேன். எங்களுக்கு அன்று பெருநாள்.

அடுத்த கிழமை அக்கா வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ட வீட்டைச் சுருக்கிப் போட்டீங்களே பிள்ளை!"

"இல்ல அக்கா, வீடு அதேதான். முந்தி இந்தப் பெட்டி இழுத்துக் காட்டினது. பத்தடி பன்னிரண்டடியாத் தெரிஞ்சது."

"அப்ப நான் பார்த்தது?"

"அது பொய்."

"எனக்கு அந்தப் பொய் வீட்டையே கட்டித் தாங்கோ."

சேர் கணக்குக் காட்டினார், சதுர அடிக்கு விளக்கம் கொடுத்தார். அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. "கணக்கில நான் படுக்கேலாது தம்பி. நிலத்தில காட்டுங்கோ."

ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு ஓட்டோவில் சாம்பல்தீவுக்குப் போனோம். சென்றியில் நின்றவர் பைக்குள் விரலை விட்டு மோந்து, தும்மி, போகச் சொன்னார். அக்காவின் காணியில் கயிறு பிடித்து, வீட்டை உள்ளபடி கோடாகப் போட்டோம். வாசல் என்று நாங்கள் விட்ட இடைவெளியால் மட்டுமே அக்கா நுழைந்தார். கோட்டை மிதித்த சேரை, "சுவர், தம்பி!" என்று அதட்டினார். அறையில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார். குசினிக்குள், அடுப்பு வரும் இடத்தில் குந்தி, என்னைப் பின்னால் கடந்துபோகச் சொன்னார்.

ஏலவில்லை. என் கால் கோட்டுக்கு வெளியே போனது.

"பார்த்தீங்களா? ஒருத்தி அடுப்படியில குந்தினா மற்றவள் பல்லி மாதிரிச் சுவரில ஒட்டித்தான் போகவேணும்."

நான் அதே குசினியை முப்பத்தேழு தரம் வரைந்திருக்கிறேன். ஒருதரமும் அதற்குள் யாரையும் குந்தவைத்துப் பார்த்ததில்லை. வெட்கத்தோடு முன் விறாந்தையில் ஓரடி குறைத்து, குசினிச் சுவரைத் தள்ளிப் போட்டேன். அக்கா மறுபடி குந்தினார், நான் கடந்தேன். மை வந்ததும் அச்சடித்திருந்த வரைபடத்தில் நான் திருத்தம் போட, அந்த இடத்திலேயே அதை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

மிச்ச வீடுகளுக்கும் சேர் அதே மாற்றத்தைச் செய்யச் சொன்னார். கொழும்புக்குப் போன அறிக்கையில், "விரிவான கள ஆய்வின் பின் எமது தொழில்நுட்பப் பிரிவு எடுத்த முடிவு" என்று எழுதியிருந்தார். தொழில்நுட்பப் பிரிவு என்பது நாங்கள் இரண்டு பேர்தான். நானும் மறுக்காமல் அறிக்கையைச் சுற்றி அழகாக எல்லைக்கோடு போட்டுக் கொடுத்தேன்.