கட்டிலில் இருந்தவளின் பெயர்

நடுத்தெருவில் ஓர் இரும்புக் கட்டில். அதன்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். சுற்றிலும் நாற்காலிகள், அடுப்பு, சுருட்டிய மெத்தை, இரண்டு போலீஸ்காரர்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில், வேலையில்லாமல் ஊரே தவித்த ஓர் அமெரிக்க நகரத்தில், வாடகை கட்டாத குடும்பத்தின் சாமான்களை வீட்டுக்காரர் வெளியே தூக்கிப் போட்ட அன்று எடுத்த பத்திரிகைப் படம் அது. கீழே ‘மிஸஸ் ஃபிராங்க் நோவாக்’ என்றிருந்தது.

பழைய அமெரிக்கப் பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றும் ஒரு நிறுவனத்தில், கனடாவின் ஸ்காபரோவில், எனக்கு மென்பொருள் வேலை. படங்களில் இருப்பவர்களின் பெயர்களைப் பதிவது, பக்கத்து மோர்னிங்சைட் பகுதியிலிருந்து வரும், நான் அன்ரி என்று கூப்பிடும் மூத்த தமிழ்ப் பெண்ணின் வேலை. கனடாவுக்கு வந்தபோது யாரோ அவருடைய தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அலுவலகம் முழுக்க அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிடும். “அப்பர் செத்தும் ஷிஃப்ட்டுக்கு வாறார்” என்று சிரிப்பார். அந்தப் பழக்கத்தில், ஃபிராங்க் என்பவரைக் கட்டிலில் இருந்தவளின் தகப்பன் என்று பதிந்துவிட்டார். என் மென்பொருள் பிழை என்று சிவப்புக் காட்டியது. திருத்தச் சொல்லப் போனேன்.

“அது புருசன்ரை பேர், அன்ரி. அந்தக் காலத்துப் பேப்பரில அப்பிடித்தான் போடுவினம்.”

“போலீசோட மல்லுக்கு நிக்கிறது இவள். பேர் அவன்ரையோ? அவன் படத்திலையும் இல்லை!”

அடுத்த நாள் பத்திரிகையின் நீதிமன்றச் செய்தியில் அவளைக் கண்டுபிடித்தார்: ரோஸ். “கோட்டில ஏத்தினாத்தான் பொம்பிளைக்குச் சொந்தப் பேர் குடுப்பினம் போல கிடக்கு, பிள்ளை.” அதன்பிறகு அன்ரி ஓயவில்லை. நீச்சலில் வென்றவள், டெலிபோன் இணைப்பகத்தில் இருந்தவள், இலவச சூப்புக்கு வரிசையில் நின்றவள் என்று, புருசனின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த ஒவ்வொருத்தியையும் வேறு பக்கங்களில் தேடி இழுத்து வந்தார். வேகம் குறைகிறது, படத்தின் கீழே இருப்பதை மட்டும் பதியுங்கள் என்றார் மேலாளர். அன்ரி “நோ” என்றார். அவ்வளவுதான். அவருடைய ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

போன வாரம், அன்ரி பதிந்த பெயர்களை எல்லாம் நீக்கி, படக்குறிப்பில் உள்ளதையே போடும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். சின்ன நிரல் ஒன்று போதும்; ரோஸ் நொடியில் இல்லாமல் போவாள். தெரிந்த ஒன்றைத் தெரியாததாக்குவதற்கு நான் படிக்கவில்லை. செய்யமாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டு அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

“விசரே உனக்கு? என்னை நிப்பாட்டின மாதிரி உன்னையும் நிப்பாட்டப் போறாங்கள்.”

“நிப்பாட்டட்டும். எனக்கு வேற வேலை எடுக்கலாம், அன்ரி. ரோசுக்கு வேற பேர் எடுக்கேலாது.”