அம்சவள்ளி வெட்டிய வரப்பு

மரக்காணம் உப்பளத்தில் அம்சவள்ளியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் யாரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனான நான் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அவள் வேலை செய்யும் உப்பளம் மத்திய அரசின் நிலம். அதை ஒட்டிய எங்கள் தெரு மாநில அரசின் நத்தம் என்னும் குடியிருப்பு நிலம். நத்தத்தில் வீடு இருந்தால் பட்டா கேட்கலாம். உப்பள நிலத்தில் இருந்தால் வாயே திறக்க முடியாது. கீழ்புத்துப்பட்டைத் தாண்டிவிட்டால் புதுச்சேரி, அங்கே வேறு சட்டம். அங்கே வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை சங்கீதா எப்போதோ பட்டா வாங்கிவிட்டாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

போன மாசியில் பட்டாவுக்காக வீட்டை அளக்க சர்வேயர் மணிவண்ணன் வந்தார். உப்பள வரப்பைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"வரப்பு வரைக்கும் சென்ட்ரல் கவர்மென்ட் எடம்மா. வரப்பு மண்ணு உங்க அடுப்பங்கரையச் சுத்தி வந்திருக்குது, அதுவும் அதுல சேந்துடுது."

"என் மாமியார் கட்டின அடுப்புங்க அது! எப்ப டெல்லிக்குப் போச்சு?"

"மேப்புல வரப்பு இவ்ளோ கிட்ட இல்ல. ஆனா எல்லைக்கல்லக் காணோமே. கல்லு இல்லாம நான் இன்னா எழுதறது?"

அம்சவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. மழை கரைத்த வரப்புக்கு வருடாவருடம் மண் அணைப்பது அவள்தான். பாத்திக்குள் மண் விழுந்தால் உப்பு அழுக்காகிவிடும். அதனால் எல்லா மண்ணையும் வெளிப்பக்கமாகவே, அதாவது தன் வீட்டுப் பக்கமாகவே கொட்டி வந்திருக்கிறாள்.

"யோவ், நம்ம வூட்ட நானே டெல்லிக்குத் தள்ளிட்டேன்யா!" என்று பாவாடை என்ற பெயர்கொண்ட தன் கணவர் மேல் பாய்ந்தாள். பாவம், அவர் சும்மா நின்றிருந்தார்.

கல் தான் கொட்டிய மண்ணுக்கு அடியில்தான் இருக்கும் என்று அடுத்த நிமிடம் மண்வெட்டியோடு வரப்பில் ஏறிவிட்டாள். உப்பளக் குத்தகைக்காரர் சிங்காரம் பதறி ஓடிவந்தார்.

"ஏம்மா, ஒடைக்காத! உப்பெல்லாம் போயிடும்!"

"நான் போட்ட வரப்பு. நானே கட்டித் தர்றேன். தள்ளுங்க!"

மேப்பைப் பார்த்து மணிவண்ணன் இடம் காட்ட, அவள் வெட்டினாள். தெருவே கூடிவிட்டது. ஒன்றும் கிடைக்காமல் போனால் என்ன செய்வாளோ என்று நான் கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன். 'ணங்' என்றது மண்வெட்டி. சேற்றைத் துடைத்தால், அம்புக்குறி போட்ட சர்வே கல்! நான் விசிலே அடித்துவிட்டேன்.

மணிவண்ணன் கல்லிலிருந்து மறுபடி அளந்தார். அடுப்பங்கரை மட்டுமல்ல, துணி காயப்போடும் இடமும் நத்தத்தில் வந்தது. சொன்னபடி அன்றே வரப்பைக் கட்டிக்கொடுத்தாள், கல்லுக்கு உப்பளப் பக்கமாக. சிங்காரம் முணுமுணுத்தார், பலமாக முணுமுணுக்கத் துணிவில்லை.

பட்டா வந்ததும் சங்கீதா பார்க்க வந்தாள்.

"எனக்கு அப்பவே குடுத்துட்டாங்கக்கா."

"உனக்குக் குடுத்தாங்கடி," என்றாள் அம்சவள்ளி. "நான் வெட்டி எடுத்தேன்."