அமாவாசைக்கு ஒன்று, தறி ஓடும் நாளுக்கு ஒன்று

தண்ணி மோட்டார் போடச் சொல்லத்தான் கீழ் வீட்டுக்கு இறங்கினேன். போன வேலையை மறந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். கீழ் வீட்டு அக்கா தறிக்குப் பின்னால் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருந்தார்.

அவர்கள் கூடத்தில் இரண்டு மோட்டார் தறிகள். ஒன்றில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, தீர்ந்திருந்தது. தீர்ந்த பாவை யாரும் முழுசாக உருவி எடுப்பதில்லை. உருவினால் அத்தனை ஆயிரம் இழைகளையும் அச்சுப் பல்லுக்குள்ளே மறுபடி ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். அதனால் பழைய இழையின் வாலை விட்டுவைத்து, விரலில் சாம்பல் தொட்டு, புது இழையின் தலையை அதோடு முறுக்கிவிடுகிறார்கள். பிறகு ஓர் இழு. பழையது போன வழியிலேயே புதுசும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நான் கத்தியே விட்டேன். "அக்கா! இதே மாதிரி பண்ணிடலாம்!"

"எதைடி?"

"பாட்டை!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த இழைக்குப் போய்விட்டார். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி இப்போது ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறாள். ஞாயிறு, முகூர்த்த நாட்களில் கச்சேரி கோஷ்டிகளோடு போய்ப் பின்வரிசையில் நின்று "ஆஆஆ" பாடுவாள். களம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் வேறொரு கோஷ்டிக்காரர் அவள் குரலைக் கவனித்திருக்கிறார். "நாலு அம்மன் பாட்டு பாடி அனுப்பும்மா. நாலும் ஒரே இடத்துல உக்காந்து பாடின மாதிரி இருக்கணும். புடிச்சிருந்தா ஆடி மாசம் பூரா முன்வரிசை மைக் உனக்குத்தான்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டுகள் போகவில்லையென்றால் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்.

ரெக்கார்டிங் என் அறையில். ஒரு மைக், ஒரு லேப்டாப், ஜன்னலுக்கு இரண்டு கம்பளி. முதல் பாட்டை மிக்ஸ் பண்ணவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த திமிரில் ஒவ்வொரு திருகையும் திருகித் திருகி, தபேலாவுக்கு எவ்வளவு, கோரஸுக்கு எவ்வளவு, குரலுக்குப் பின்னால் கோயில் மண்டபம் மாதிரி எவ்வளவு எக்கோ என்று தேடிப் பிடித்தேன். கேட்டுவிட்டு அவள் அழுதாள். பிறகு, "மீதி மூணும் எப்போடி?" என்றாள். இப்போது அழுகை எனக்கு வந்தது.

அதற்குத்தான் அந்த முடிச்சு. முதல் பாட்டின் ட்ராக்குகள், எக்கோ, அளவுகள் எல்லாம் தறியின் அச்சுப் பல் மாதிரி. பாட்டை மட்டும் உருவிவிட்டு, செட்டிங் மொத்தத்தையும் ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்தேன். அதற்குள் அடுத்த பாட்டைப் போட்டால் போயிற்று! என் சாஃப்ட்வேரில் அதற்கென்றே ஒரு பட்டன் முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது. நான்தான் அந்தப் பக்கமே போனதில்லை.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். முதல் பாட்டு எடுத்தபோது கீழே தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலை ஒழிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மீதி மூன்றையும் அமாவாசையன்று எடுத்தோம். அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அறை அப்படியே கப்சிப். மூன்று பாட்டும் மதியத்துக்குள் முடிந்தன.

வெள்ளிக்கிழமை மூன்றையும் டெம்ப்ளேட்டுக்குள் வரிசையாகத் தள்ளினேன். ஒரு வார வேலை, டீ ஆறுவதற்குள்! நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். கேட்டுப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கீழே போய் அக்காவிடமும் பெருமையடித்துவிட்டு வந்தேன்.

போன் அடித்தது.

"ஏன்டி, நான் என்ன விக்கல் எடுத்துகினா பாடினேன்?"

"என்னாச்சு?"

"தாயேன்னு இழுத்தா 'தா'வோட நிக்குது. 'யே' எங்கடி? நீ துன்னுட்டியா?"

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். கர்மம். ஒவ்வொரு வரிக்கும் வால் இல்லை. குழைந்து இறங்குகிற இடமெல்லாம் கத்தரித்தாற்போல் வெட்டு. ஆனால் அந்த 'தா' மறுபடி மறுபடி வந்து நின்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சிரிக்காதடி பேஜாரு! ஞாயித்துக்கெழமைக்கு என்னா பண்றது?"

"நீதான் மெதுவா பாடியிருக்க."

"பின்ன? அமாவாசையன்னிக்கு யாராவது கத்துவாங்களா?"

சட்டென்று எழுந்து நின்றேன். ஆமாம்! தறி ஓடும் நாளில் இந்த ஊரில் உப்பு கேட்பதென்றாலும் கூவித்தான் கேட்க வேண்டும். அமாவாசையன்று எல்லாருடைய குரலும் தானாக இறங்கிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. முதல் பாட்டை அவள் தறிச் சத்தத்துக்கு மேலே பாடியிருக்கிறாள். மற்ற மூன்றையும் தனக்குத்தானே பாடியிருக்கிறாள். நானோ முதல் பாட்டில் குரலின் வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியிருந்தேன். நாய்ஸ் கேட் என்பார்கள். சத்தமாக வந்தால் கதவைத் திறப்பான், மெதுவாக வந்தால் தறி இரைச்சல் என்று நினைத்து மூடிவிடுவான். அவனையும் டெம்ப்ளேட்டோடு சேர்த்து அழைத்துவந்துவிட்டேன். விரட்டத் தறி இல்லாத நாளில் அவன் அவளையே விரட்டிவிட்டான்.

"ஜல்தியா கடைல சொல்லிட்டு வா" என்றேன்.

அவள் வந்து சேர்வதற்குள் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். குரலைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். எக்கோவையும் தபேலாவையும் தொடவேயில்லை. அவை வந்த வழியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அவள் மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனில் ஒரு காதை எடுத்துக்கொண்டாள். 'தாயே' முழுசாக வந்தது. வந்து, மண்டபத்தைச் சுற்றிவிட்டு, மெல்ல இறங்கியது.

"முதல் பாட்டைவிட இது நல்லா இருக்கு" என்றாள், கொஞ்சம் பயந்தாற்போல. "ஒரே ஆள்னு நம்புவாரா?"

நான்கையும் ஒட்டி ஓடவிட்டோம். முதல் பாட்டில் அவள் அம்மனை வீதியில் நின்று கூப்பிடுகிறாள். மற்ற மூன்றில் உள்ளே போய்விட்டாள். ஆனால் கோயில் ஒன்றுதான்.

டெம்ப்ளேட்டை இரண்டாகச் சேமித்தேன். ஒன்றுக்குப் பெயர் 'தறி', இன்னொன்றுக்கு 'அமாவாசை'. சனிக்கிழமை பாட்டுகள் போயின. அன்று முழுக்க அவள் வாடிக்கையாளர் கேட்ட நிறத்தை விட்டு வேறு நிறத்தையே விரித்துக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிறு மத்தியானம் கோஷ்டிக்காரர் போனில் பேசினார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாலும் கேட்டேம்மா. முதல் ஆடி வெள்ளி சந்தவாசல் பக்கம் ஒரு கோயில். முன்வரிசை மைக் உனக்குத்தான். இன்னொண்ணு, அந்த எக்கோ யாரு வெச்சது? மேடைலயும் அதே மாதிரி வேணுமே?"

நாங்கள் குதித்த குதியில் கீழேயிருந்து அக்கா, "மோட்டாரைப் போட்டாச்சுடி, எதுக்கு இந்த ஆட்டம்?" என்று கத்தினார். தறி ஓடிக்கொண்டிருந்தது.

கோஷ்டிக்காரருடைய மேடை சவுண்ட் மிக்சரோ வேறு ஜாதி. என் டெம்ப்ளேட் அதில் திறக்கவே திறக்காது. ஒவ்வொரு திருகையும் என் திரையைப் பார்த்துக் கையால் திருப்ப வேண்டும். மைக்குக்கு நேர்ப் பின்னால் ஜெனரேட்டர் வேறு நிற்குமாம். அந்த இரைச்சலுக்கு மேலே அவள் எப்படிப் பாடுவாள்? கத்துவாளா, உள்ளே போய்விடுவாளா? தெரியாது. புதன்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரது கொட்டகைக்குப் போகிறேன். ஜெனரேட்டரை ஓடவிட்டு அவளைப் பாடச் சொல்லிப் பார்க்கப் போகிறோம். மூன்றாவது டெம்ப்ளேட்டுக்குள் இன்னும் ஒன்றுமில்லை. 'ஜெனரேட்டர்' என்று பெயர் மட்டும் வைத்தாயிற்று.